ஒரு வீராங்கனையும் பதினொரு பயிற்சியாளர்களும்

முதலில் யார் யார் வந்திருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுவதுதான் முறை. கூட்டக் குறிப்பை எழுதிய சிக்ரிட் டோல்சன் அப்படித்தான் தொடங்கியிருந்தாள். அவள் எழுதிய வரிசையிலேயே போவோம்.

இடம்: ஐயோவா, ஆஸ்ட்ராண்டர் கல்லூரி, உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கீழே உள்ள கோப்பை அறை. நீள மேஜையின் தலைமாட்டில் விளையாட்டுத் துறை இயக்குநர் டாக்டர் கார்வின் பீக். அவருடைய வலது கைப்பக்கம், மகளிர் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ட்வைட் லாமர்ஸ், கழுத்தில் விசிலோடு. இடது கைப்பக்கம், ஒட்டுறவுப் பயிற்சியாளர் டாம்சின் ரோர் அம்மையார். அவர்களுக்கு அடுத்து, மேஜையின் இரண்டு பக்கமும், மற்ற ஒன்பது பயிற்சியாளர்கள்: தூக்கப் பயிற்சியாளர், மூச்சுப் பயிற்சியாளர், புன்னகைப் பயிற்சியாளர், நன்றியுணர்வுப் பயிற்சியாளர், பெஞ்சில் உட்காரும் முறைக்கான பயிற்சியாளர், இன்ன பிறர். மேஜையில் இடம் போதாததால் அணியின் வீராங்கனைகள் எல்லோரும் கதவோரமாக ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

வீராங்கனைகள் எல்லோரும் என்றால் சிக்ரிட் டோல்சன்.

கூட்டத்தின் பெயர் வீராங்கனைகள் நிலைத்திருத்தல் குழு. அதில் வீராங்கனைகளின் குரலும் ஒலிக்க வேண்டும் என்று டாக்டர் பீக் போன வசந்த காலத்திலேயே வற்புறுத்தியிருந்தார். அதன்படி சிக்ரிட்டிடம் ஒரு பேனாவைக் கொடுத்து, மற்றவர்கள் பேசுவதை எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் பீக் எழுந்து நின்றார். அவர் உட்கார்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"நண்பர்களே, நல்ல செய்தி. போன வருஷம் நம்மகிட்ட பதினாலு பொண்ணுங்க இருந்தாங்களே, இப்ப எங்கேன்னு சில பேர் கேக்குறாங்க. அது பழைய காலத்துக் கேள்வி. அதுல துக்கம் இருக்கு, விஞ்ஞானம் இல்ல. இப்ப யார் யார் இருக்காங்களோ, அவங்கள்ல எத்தனை பேர் இருக்காங்க? இதுதான் சரியான கேள்வி. பதில் என்ன? எல்லாரும் இருக்காங்க. நூத்துக்கு நூறு."

பதினொரு பயிற்சியாளர்களும் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் திரும்பிச் சிக்ரிட்டைப் பார்த்தார்கள். எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்ததால் அவள் எழுந்து நின்றாள். உட்கார வேண்டும்போல் இருந்ததால் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, 'வீராங்கனைகள் எழுந்து நின்று பாராட்டை ஏற்றுக்கொண்டனர்' என்று எழுதினாள்.

அவளுடைய நாற்காலிக்கு அடியில் ஒரு துணிப்பை இருந்தது. பையில் விளையாட்டுக் காலணி. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் குளிர்காலம் பந்தாட வேண்டும். இது அவளுடைய நான்காவது வருஷம், ஆடக் கிடைக்கிற கடைசி வருஷம். நாற்பது மைலுக்கு அப்பால் உள்ள கிம்பர்லின் கல்லூரியில் அவளுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். படிப்பில் தடை ஒன்றுமில்லை. அந்தச் சிறு லீக்கின் கல்லூரிகள் பாடங்களைப் பங்கிட்டுக்கொள்பவை. தடை ஒரு காகிதம். ஒரு கல்லூரியிலிருந்து மாறுகிற பெண், பழைய கல்லூரியின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் போனால், ஒரு பருவம் முழுக்க ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. மற்றப் பெண்கள் சின்ன வகுப்புக்காரர்கள். உட்கார்ந்தாலும் பிறகு எழுந்து ஆடலாம் என்று போய்விட்டார்கள். சிக்ரிட் உட்கார்ந்தால் அதோடு சரி. எழும்போது கையில் பட்டம் இருக்கும், பந்து இருக்காது.

அந்தக் கடிதம் இன்று மாலை ஐந்து மணிக்குள் கிம்பர்லின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதில் பழைய அணியின் பயிற்சியாளர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

கடிதத்தை அவள் முதல் தடவை கேட்டபோது இரண்டே கையெழுத்துதான் தேவையாக இருந்தது. இரண்டு பதினொன்றான கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

லாமர்ஸ் ஆஸ்ட்ராண்டருக்கு வந்தது சிக்ரிட் முதல் வருஷம் சேர்ந்த அதே இலையுதிர் காலத்தில். வந்தவுடன் அவர் செய்த முதல் காரியம், தண்ணீர்ப் புட்டிகளை எல்லாம் ஓர் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியது. தண்ணீர் வேண்டுமானால் அலமாரிக்கு முன்னால் நின்று, "தாகம் மனசோட சோம்பேறித்தனம்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். குரலில் நம்பிக்கை தொனித்தால் புட்டி கிடைக்கும். தொண்டை வறண்டவர்களின் குரலில் நம்பிக்கை தொனிப்பது கடினம். அதனால் யாருக்குத் தாகம் இல்லையோ அவர்களுக்கே பெரும்பாலும் தண்ணீர் கிடைத்தது. கணுக்கால் பிசகியவர்களை அவர் ஓடச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு அவர் நல்லவர்தான். அவர்களை உட்காரவைத்து, கணுக்கால் பிசகிய காட்சியைத் திரையில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். பெயர் சொல்லி யாரையும் கூப்பிட்டதில்லை. பெயர் என்பது குடும்பத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது என்பது அவர் கட்சி.

முதல் வருஷம் முடியும்போது மூன்று பெண்கள் போனார்கள். போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் காகிதத்தில் அதற்கு ஒரு வார்த்தை எழுதுகிற அளவுக்குத்தான் கட்டம் விட்டிருந்தார்கள். மூன்று பேரும் ஒரே வார்த்தையை எழுதினார்கள்: பயிற்சி.

டாக்டர் பீக் அந்த மூன்று காகிதத்தையும் மேஜையில் பரப்பிவைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பாருங்க, பிள்ளைங்களுக்குப் பயிற்சி பத்தல" என்றார்.

அப்படித்தான் தூக்கப் பயிற்சியாளர் வந்தார். மறு வருஷம் நான்கு பேர் போனார்கள், காரணம், பயிற்சி. மூச்சுப் பயிற்சியாளரும் புன்னகைப் பயிற்சியாளரும் வந்தார்கள். அதற்கும் பிறகு போனவர்களில் ஒடெஸா க்ரியர் என்ற பெண், சிக்ரிட்டின் அறைத்தோழி, கட்டத்துக்குள் அடங்காமல் ஓரமெல்லாம் நெருக்கி நெருக்கி, 'பயிற்சி, பயிற்சி, பயிற்சி' என்று மூன்று தடவை எழுதிவிட்டுப் போனாள். அவள் ஒருத்திக்காக மூன்று பயிற்சியாளர்களை நியமித்தார்கள்.

சிக்ரிட் விடுவிப்புக் கடிதம் கேட்கப் போகும்போதெல்லாம் இதேதான் நடந்தது. எதற்காகப் போக நினைக்கிறாய் என்பார்கள். அவள் உள்ளதைச் சொல்வாள். உடனே இன்னொருவர் வருவார். அவர் கையெழுத்தும் சேர்த்து வேண்டும் என்பார்கள். கடைசியாக வந்தவர்தான் டாம்சின் ரோர். வந்த அன்றே சிக்ரிட்டைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு இங்க ஒட்டுறவு இருக்கா?" என்று கேட்டார்.

"யாரோட மேடம்?" என்றாள் சிக்ரிட்.

ரோர் அம்மையார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நல்ல கேள்வி" என்று குறித்துக்கொண்டார்.

பயிற்சிகள் மட்டும் நிற்கவில்லை. தினமும் மாலையில் சிக்ரிட் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவாள். பதினொரு விசில்கள் ஊதும். எதிரணிக்கு ஆள் வேண்டுமே என்று பயிற்சியாளர்களை இறங்கச் சொன்னால், காப்பீட்டில் அதற்கு இடமில்லை என்றார்கள். எனவே ஐந்து மடக்கு நாற்காலிகளை விரித்து நிறுத்தினார்கள். லாமர்ஸுக்கு அந்த நாற்காலிகளை ரொம்பப் பிடித்துப்போனது.

"ஏய் டோல்சன், அந்த நடு நாற்காலியப் பாரு. நின்ன இடத்துல நிக்குது. நகருதா? தண்ணி கேக்குதா? அப்பாவுக்கு ஃபோன் போட்டு அழுவுதா?"

"இல்ல கோச்."

"அதுதான் குணம். அது பொறப்புலேயே வரணும்."

பருவ முடிவில் அணியின் விசுவாச விருது நடு நாற்காலிக்குக் கிடைத்தது. அதை மடித்து மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனது சிக்ரிட்தான்.

ஆட்டங்கள்? ஐந்து பேர் இல்லாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது. ஆள் இல்லாத அணி இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றதாக எழுதுவது வழக்கம். போன பருவத்தின் பிற்பாதி முழுக்க ஆஸ்ட்ராண்டர் இரண்டுக்குப் பூஜ்யம் என்றே தோற்றது. ஒவ்வொரு தடவையும் லாமர்ஸ் உள்ளூர்ப் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுப் பேட்டி கொடுத்தார்.

"லீக்ல இருக்கிற எந்த டீமும் எதிராளிய ரெண்டு பாயிண்டுல நிறுத்தினது கிடையாது. நாங்க வாராவாரம் நிறுத்துறோம். எங்க தடுப்பாட்டத்தப் பத்தி எழுதுங்க. கூடையில போடுற பக்கம் கொஞ்சம் வேலை இருக்கு, ஒத்துக்கிறேன்."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சீனியர் இரவு. நான்கு வருஷம் ஆடி முடித்த பெண்ணை, கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று, அப்பா அம்மாவோடு மைதானத்தின் நடுவே நடத்திக் கூட்டி வந்து, பூங்கொத்தும் சட்டம் போட்ட படமும் கொடுத்து அனுப்புவது எல்லாக் கல்லூரியிலும் உண்டு. ஆஸ்ட்ராண்டரில் நான்காம் வருஷம் வரை யாரும் தங்குவதில்லை என்பதால் பூங்கொத்துகள் வீணாயின. டாக்டர் பீக் சீனியர் இரவை மூன்றாம் வருஷத்துக்கு மாற்றினார். பிறகு இரண்டாம் வருஷத்துக்கு. கடைசியில், புதுப் பெண்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிற முதல் வாரத்திலேயே வைத்துவிட்டார். வந்ததும் வழியனுப்பிவிட்டால் பிறகு எப்போது போனாலும் மரியாதைக் குறைவில்லை என்பது அவர் கணக்கு. விழா எந்த வருஷத்துக்கு நகர்ந்தாலும் அணியில் இருக்கிற எல்லோரையும் சேர்த்தே வழியனுப்பிவிடுவார்கள் என்பதால், சிக்ரிட் ஒவ்வொரு தடவையும் அகப்பட்டுக்கொண்டாள். அவளுக்கு மூன்று தடவை சீனியர் இரவு நடந்தது. மூன்று தடவையும் அவள் அப்பா ஆர்னி, பண்ணை வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இருக்கிற ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"மறுபடியும் ஃப்ரேமா?" என்றார் மூன்றாம் தடவை. "வீட்ல ஆணி தீந்துபோச்சும்மா."

இந்த வருஷம் சிக்ரிட் நிஜமாகவே சீனியர். எனக்கு எப்போது வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, "உனக்குத்தான் ஆயிடுச்சே" என்றார்கள்.

இவ்வளவும் நடந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமைதான் இது. காலையில் ஒடெஸா கிம்பர்லினிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள்.

"அடியே, இன்னுமா அங்க இருக்க? எங்க கோச் உன் சட்டைய நம்பர் போட்டு எடுத்து வச்சிட்டாங்கடி. அஞ்சு மணிக்கு மேல ஆஃபீஸ் பூட்டிருவாங்க."

"பதினோரு கையெழுத்து வேணும் ஒடெஸா."

"போன மாசம் பத்துன்னியே."

"போன மாசமும் ஒருதரம் கேட்டேன். அதான்."

"கேக்காதடி. நீ கேக்கக் கேக்க அவங்க பெருகுறாங்க. எலி மாதிரி."

"கேக்காம எப்படிக் கெடைக்கும்?"

"அவங்களே உன்னைத் தொரத்துற மாதிரி ஏதாச்சும் பண்ணு."

"என்ன பண்ணாலும் தொரத்த மாட்டேங்கிறாங்க. நான் போயிட்டா நூத்துக்கு நூறு என்ன ஆவுறதுன்னு கேக்குறாங்க."

"எங்க கோச் கெமிஸ்ட்ரி வகுப்பு முடிச்சிட்டு வராங்க, அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி ஒடெஸா வைத்துவிட்டாள்.

இனி கூட்டத்துக்கு வருவோம். மதியச் சாப்பாட்டுக்குச் சில்லி என்கிற காரமான பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் வந்திருந்தன. அவற்றைச் சாப்பிட்டு முடித்த தெம்பில் டாக்டர் பீக் அடுத்த பொருளை எடுத்தார்.

"கிம்பர்லின் கல்லூரி. நம்ம பழைய பிள்ளைங்க ஒம்பது பேர் அங்கதான் இருக்காங்க. எனக்கு நேத்துதான் ஒரு தகவல் வந்துச்சு. உங்க மனசத் தெடப்படுத்திக்கங்க." அவர் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றினார். "அங்க ஒரே ஒரு கோச்."

மேஜையைச் சுற்றி ஒரு பெருமூச்சு ஓடியது. நன்றியுணர்வுப் பயிற்சியாளர் கண்களை மூடிக்கொண்டார்.

"அந்த அம்மா பேரு பட்டீஸ்ட். பகல்ல கெமிஸ்ட்ரி நடத்துறாங்களாம். சாயங்காலம் வந்து பந்தக் குடுத்து ஆடச் சொல்றாங்களாம். அவ்வளவுதான்."

"தூக்கத்துக்கு யாரு?" என்றார் தூக்கப் பயிற்சியாளர்.

"யாரும் இல்ல. பிள்ளைங்க தானாவே தூங்குதாம்."

"தண்ணி?" என்றார் லாமர்ஸ்.

"ஒரு மேஜை மேல தொறந்து வச்சிருக்காங்களாம், ட்வைட்."

லாமர்ஸ் விசிலைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டார். "பாவம் அந்தப் பிள்ளைங்க" என்றார்.

அவர்களுக்கு உதவி செய்தாக வேண்டும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. ஆஸ்ட்ராண்டரிலிருந்து ஒரு பயிற்சியாளரை அனுப்பிவைப்பது என்று தீர்மானித்தார்கள். யாரை அனுப்புவது என்றதும் ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்கள். நாற்பது மைல் போக மூச்சுப் பயிற்சியாளருக்கு மூச்சு முட்டும். புன்னகைப் பயிற்சியாளர் புன்னகைத்தார். பயிற்சியாளர்களில் ஒருவர்கூட இதுவரை ஆஸ்ட்ராண்டரை விட்டுப் போனதில்லை என்பதை டாக்டர் பீக் பெருமையோடு நினைவூட்டினார்.

சிக்ரிட் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். அவளாக எதையும் திட்டம்போட்டு வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். கேட்காதே என்று ஒடெஸா சொன்னது நினைவுக்கு வந்தது. கையைத் தூக்கினாள்.

"வீராங்கனைகள் பேசலாம்" என்றார் டாக்டர் பீக்.

"நான் வேணா போறேன் டாக்டர்."

"நீ கோச் இல்லையேம்மா."

"இல்ல. ஆனா உங்க பதினோரு பேர் உழைப்பும் இப்ப என்கிட்டதானே இருக்கு? வேற யார்கிட்டயும் இல்லையே. நான் ஒருத்தி போனா பதினோரு கோச் போன மாதிரி."

பதினொரு முகங்களும் அவளை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தன. வெண்ணிற முடியும் காய்ந்த உதடுமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் தங்கள் தங்கள் பங்கு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தேடினார்கள். மூச்சுப் பயிற்சியாளர் அவள் மூச்சு விடுவதைக் கண்டு திருப்தியடைந்தார்.

"நல்லா நிமிந்துதான் உட்காந்திருக்கா" என்றார் பெஞ்சில் உட்காரும் முறைக்கான பயிற்சியாளர்.

"ஆனா சும்மா போய் நின்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் தூக்கப் பயிற்சியாளர்.

"ஆடிக் காட்டணும்" என்றாள் சிக்ரிட். "பருவம் முழுக்க. கொஞ்ச நாள் ஆடினா உங்க எல்லாரோட பயிற்சியும் வெளிய வராது. ஆடணும்னா லீக் விதிப்படி ஒரு கடிதம் வேணும்."

லாமர்ஸின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"இரு இரு. இது நீ கேட்டுக்கிட்டே இருக்கியே, அந்த விடுவிப்புக் கடிதம்தானே?"

சிக்ரிட்டுக்குப் பொய் சொல்ல வராது. "ஆமா கோச். அதேதான்."

"அதான பாத்தேன்." அவர் மேஜையைத் தட்டினார். "பீக், நான் இருவது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். என்னை விட்டு நூறு பொண்ணு போயிருக்கும். ஒருத்திக்கும் நான் போகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதில்ல. என் கையால போடவும் மாட்டேன்."

சிக்ரிட் பேனாவின் மூடியைத் திருகி மூடினாள். ஜன்னலுக்கு வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. நாற்பது மைல், பனியில், அப்பாவின் பழைய டிரக்கில். மணி மூன்று தாண்டிவிட்டது. நாற்காலிக்கு அடியில் பையைக் காலால் தொட்டுப் பார்த்தாள், காலணிகள் இருந்தன.

டாக்டர் பீக் இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறந்த பேச்சை அப்போதுதான் பேசினார் என்று பிறகு பயிற்சியாளர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

"ட்வைட், நல்லா கேளு. போறது வேற, அனுப்புறது வேற. போனா அது அவங்க நம்மள விட்டுட்டதா ஆகும். அனுப்பினா, அது நம்ம திட்டம். அந்த நூறு பேரையும் நாம கொஞ்சம் முந்திக்கிட்டு அனுப்பியிருந்தா இன்னிக்கு யார் நம்மளக் குறை சொல்ல முடியும்? இன்னொண்ணு. இவ போயிட்டா டீம்ல எத்தனை பேர்?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லேன்னா யார் விட்டுட்டுப் போக முடியும்?"

ஒவ்வொருவர் முகத்திலும் அந்தக் கணக்கு மெல்ல இறங்குவது தெரிந்தது.

"யாராலயும் முடியாது" என்றார் லாமர்ஸ்.

"யாராலயும் முடியாது. இந்தக் குழு எதுக்காக அமைக்கப்பட்டுச்சோ அது முழுசா நெறவேறுது. நாட்டுல எந்தக் கல்லூரியும் இதச் சாதிச்சதில்ல. இனி நம்மள விட்டு ஒரு வீராங்கனைகூடப் போக முடியாது ட்வைட், எப்பவும்."

லாமர்ஸ் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். "நான் அனுப்பினேன்னு எழுதணும்" என்றார். "குழு அனுப்பினதா இல்ல. நான்."

"எழுதுறேன் கோச்" என்றாள் சிக்ரிட்.

எழுதினாள். சுற்றி வளைக்காமல், தேதி, இடம், யாருக்கு, என்ன விஷயம் என்று வரிசையாக எழுதி, உரக்கப் படித்துக் காட்டினாள்: தலைமைப் பயிற்சியாளர் ட்வைட் லாமர்ஸ், சிக்ரிட் டோல்சனைக் கிம்பர்லின் கல்லூரிக்கு அனுப்பிவைக்கிறார், இந்தப் பருவம் முழுவதும் அவள் அங்கே ஆடலாம், ஆஸ்ட்ராண்டர் கல்லூரி அவளை இதன்மூலம் விடுவிக்கிறது, கீழே அணியின் பயிற்சியாளர்கள் அனைவரும் ஒப்பமிடுகிறார்கள்.

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சண்டை வந்தது 'கீழே' என்ற இடத்தில்.

"கீழேன்னா, யாருக்குக் கீழே யாரு?" என்றார் மூச்சுப் பயிற்சியாளர்.

"வந்த வரிசைப்படி" என்றார் தூக்கப் பயிற்சியாளர். அவர்தான் முதலில் வந்தவர்.

"முக்கியத்துவப்படி. மூச்சு இல்லேன்னா தூக்கம் எங்கேருந்து வரும்?"

"பயிற்சியாளர்களுக்கே பயிற்சி குடுக்குறது நான்" என்று மேஜையின் கடைசியிலிருந்து ஒருவர் எழுந்தார். பத்துப் பேரும் அவரை உட்காரச் சொன்னார்கள்.

மணி மூன்றரை ஆயிற்று. புன்னகைப் பயிற்சியாளரும் நன்றியுணர்வுப் பயிற்சியாளரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார்கள். சிக்ரிட் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, குப்பைக்கூடையை அதன் மேல் நிமிர்த்திவைத்து, பேனாவால் சுற்றிவர ஒரு வட்டம் போட்டாள். மைதானத்தின் நடுவில் இருக்குமே, அந்த மாதிரி வட்டம்.

"சுத்திவரப் போடுங்க" என்றாள். "வட்டத்துல முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது."

சட்டைகள் விடுபட்டன. ஒவ்வொருவராகக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்கள். லாமர்ஸ் மட்டும் வட்டத்தின் ஓரத்தில் நிற்க மாட்டேன் என்றார். பந்தைத் தூக்கிப்போடுகிற இடமான நட்டநடுவில் தன் பெயரைப் பெரிதாகப் போட்டார். பார்க்க ஒரு வண்டிச் சக்கரம்போல் இருந்தது கடிதம்.

கடைசியாக மிச்சமிருந்தவர் ரோர் அம்மையார். அவர் மற்றவர்களைப்போல் கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடவில்லை. கடிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். இன்னொரு தடவை படித்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சிக்ரிட்டை நிமிர்ந்து பார்த்தார். சிக்ரிட் பார்வையை நகர்த்தவில்லை. மணி மூன்றேமுக்கால்.

ரோர் அம்மையார் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அங்க அந்த அம்மாவுக்கு உதவிக்கு யாராச்சும் வேணுமா?" என்றார். "எனக்குக் கெமிஸ்ட்ரி கொஞ்சம் வரும்."

"கேட்டுச் சொல்றேன் மேடம்."

கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் பீக் கல்லூரி முத்திரையைக் குத்தி, கடிதத்தை மூன்றாக மடித்துக் கொடுத்தார். உறையும் வந்தது. பழைய மாதிரி உறை; விளிம்பில் பசை காய்ந்திருந்தது, ஈரம் பட்டால்தான் ஒட்டும். சிக்ரிட் நாக்கை நீட்டினாள். மூன்று வருஷத்துப் பழக்கத்தில் அவள் வாய் உலர்ந்து கிடந்தது, உறை ஒட்டவில்லை. மறுபடி முயன்றாள். பதினொரு பயிற்சியாளர்களும் டாக்டர் பீக்கும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசைக்குப் பயிற்சியாளர் யாரும் இல்லை.

லாமர்ஸ் இடுப்புச் சாவிக்கொத்தைக் கழற்றினார். மாடிக்குப் போய் இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு புட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் வழக்கப்படி, "தாகம் மனசோட..." என்று தொடங்கினாள்.

"அட, குடிச்சிட்டு ஒட்டும்மா. நேரமாகுது" என்றார் அவர்.

அவள் குடித்தாள். புட்டி காலியாகும் வரை குடித்தாள். பிறகு உறையின் விளிம்பை நாக்கால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நனைத்து, மேஜையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள்.

தபாலில் போட்டால் திங்கட்கிழமைதான் போய்ச் சேரும் என்று யாரோ சொன்னார்கள். வேறு யாரிடமும் கொடுத்தனுப்புவது சரியில்லை என்று டாக்டர் பீக் தீர்ப்புச் சொன்னார். இவ்வளவு முக்கியமான கடிதத்தை நம்பிக்கையான ஆளிடம்தான் கொடுக்க வேண்டும், கல்லூரியை விட்டு ஒருநாளும் போகாத வீராங்கனை ஒருத்திதான் இருக்கிறாள். கூட்டக் குறிப்பில் கடைசி வரியாக, 'கடிதம் ஒட்டப்பட்டு, நம்பகமான ஆள் மூலம் அனுப்பப்பட்டது' என்று எழுதி, சிக்ரிட் பேனாவை மேஜை மேல் வைத்தாள். உறையைக் காலணிகளுக்கு நடுவே செருகிப் பையைத் தோளில் மாட்டினாள். தான் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியை மடித்துச் சுவரோரமாகச் சாத்தினாள்.

வாசல் வரைக்கும் எல்லோரும் வழியனுப்ப வந்தார்கள். பனியில் டிரக் பாதி வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. லாமர்ஸ் விசிலை வாயில் வைத்து நீளமாக ஒருமுறை ஊதினார். மூன்று வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் நிற்பதுதான் அவளுக்குப் பழக்கம்.

சிக்ரிட் டிரக்கைப் பார்த்து ஓடினாள்.